சென்ற் ஷொட்ஸ் போகத் திட்டமிடும் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோ பெரும்பாகத்தின் தமிழ்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், ஊர் ஒன்றியங்கள், முதியோர் மன்றங்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

1986 ஆகஸ்ட் 11ஆம் திகதி நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் தென்கரையில், சென்ற் ஷொட்ஸ் என்ற சிற்றூருக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழ் அகதிகளை மீன்பிடி வள்ளங்கள் மீட்ட கதை உங்களுக்குத் தெரியும். ஆகஸ்ட் நெருங்கினால் ஏதாவதொரு கூட்டத்தில் "ஒருக்கா சென்ற் ஷொட்ஸ் போய்வந்தால் என்ன?" என்று ஒருவர் கேட்பார். மற்றொருவர் உடனே பஸ்ஸுக்கு விலை விசாரிக்கத் தொடங்கிவிடுவார். அந்த விலை விசாரிப்புக்கு முதல் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

நாங்கள் கேட்பது சுருக்கமானது. படம் எடுத்துக்கொண்டு திரும்பும் அரைநாள் பயணமாக இதை ஆக்காதீர்கள். மூன்று நாள் ஒதுக்குங்கள், பன்னிரண்டு பதினைந்து பேராகப் போங்கள், 1986க்கு முன்பும் அந்தக் கரைக்கு ஒரு நீண்ட கதை இருப்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். அது தெரியாவிட்டால் நடந்த மீட்பின் அருமையும் பாதிதான் விளங்கும்.

முதலில் ஒரு திருத்தம். நினைவுரைகள் பலவற்றில் "சென்ற் ஷொட்ஸ் கரையில் வந்திறங்கிய தமிழர்" என்று எழுதுகிறோம். அங்கே யாரும் வந்திறங்கவில்லை. மீட்பு நடந்தது கரைக்கு அப்பால், கடலில். சென்ற் மேரிஸ் குடாவைச் சேர்ந்த கப்டன் கஸ் டோல்ரன் தன்னுடைய 'அத்திலாந்திக் றீப்பர்' வள்ளத்தில் தொழிலுக்குப் போன இடத்தில் அந்தப் படகுகளைக் கண்டார். மற்ற வள்ளங்களும் வந்து சேர்ந்தன. பிறகு எல்லோரும் 'லெனார்ட் ஜே. கௌலி' என்ற மீன்வளக் கண்காணிப்புக் கப்பலில் சென்ற் ஜோன்ஸ் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். மெமோரியல் பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதியில் தங்கவைக்கப்பட்டு, ஓராண்டு அனுமதிப்பத்திரம் பெற்று, மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் பிரிந்து போனார்கள். ஆகவே காலடி பட்ட முதல் கனடிய மண் சென்ற் ஜோன்ஸ் துறைமுகம்தான். சென்ற் ஷொட்ஸ் அந்தக் கடலுக்கு மிக அருகே இருந்த ஊர், பெயர் அதனால் ஒட்டிக்கொண்டது. கல்வெட்டோ பதாகையோ மலரோ செய்யப்போகிறவர்கள் இந்த வரிசையைச் சரியாக எழுதுங்கள். கல்லில் வெட்டிய பிழையைத் திருத்துவது பெரிய செலவு.

இனிப் பயணம். ரொறன்ரோவிலிருந்து பஸ்ஸில் போகும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். நோவா ஸ்கோஷியாவின் நோர்த் சிட்னி வரை ஓடி, அங்கே கப்பலேறி ஏழு மணிநேரம் கடந்து, போர்ட் ஓ பாஸ்கில் இறங்கிய பிறகும் சென்ற் ஜோன்ஸுக்கு இன்னும் 900 கிலோமீற்றர் இருக்கிறது. விமானத்தில் மூன்று மணிநேரம். அதிலும் ஒரு பொறி உண்டு: நியூ பிரன்ஸ்விக்கில் சென்ற் ஜோன் என்றொரு நகரம், நியூஃபவுண்ட்லாந்தில் சென்ற் ஜோன்ஸ். ஒரு 'ஸ்' தான் வித்தியாசம், இடையில் ஒரு கடல். சீட்டில் வைவைரி என்ற குறியீடு இருந்தால் சரி. வைஎஸ்ஜே என்றிருந்தால் வேறு மாகாணத்தில் போய் நிற்பீர்கள்.

நேரமும் வேறு. அங்கே மணி ரொறன்ரோவை விட ஒன்றரை மணிநேரம் முந்தி ஓடும். அரை மணிநேரக் கணக்கு இலங்கையிலும் இந்தியாவிலும் வளர்ந்த நமக்குப் புதிதல்ல, இருந்தும் கைக்கடிகாரத்தைத் திருப்பாமல் போய் முன்பதிவைத் தவறவிடுவது எளிது. மதியம் ஒரு மணிக்கு இடம் பதிந்திருந்தால் ரொறன்ரோக் கடிகாரத்தில் அது பதினொன்றரை.

வாடகை வாகனத்தை மாதக்கணக்கு முந்தியே பதியுங்கள். கோடையில் அந்தத் தீவில் வாகனம் கிடைப்பது குதிரைக்கொம்பு. பெரிய பஸ்ஸை விட எட்டு, பன்னிரண்டு பேர் கொள்ளும் வான்கள் நல்லது. தென்கிழக்கு முனையான கேப் றேஸ் போகும் வழி ஏறத்தாழ இருபது கிலோமீற்றர் கிறவல் ரோட்டு, தென்முனையான கேப் பைன் போகும் வழியும் கிறவல்தான், ஒடுக்கமும்கூட. நீண்ட பஸ்ஸைத் திருப்ப இடமில்லாத இடங்கள் அவை. மாலை மங்கும் நேரமும் விடியற்காலையும் ஓடாதீர்கள். 1904இல் கொண்டுவந்து விட்ட நாலே நாலு மூஸ் மான்களிலிருந்து பெருகிய கூட்டம் இன்று தீவு முழுக்க இருக்கிறது. மூஸின் கால் நீளம், உடல் பாரம். மோதினால் கால் முறிந்து உடல் நேரே முன்கண்ணாடிக்குள் வரும். அந்த ஊரார் இருட்டில் மெதுவாக ஓடுவதன் காரணம் இதுதான், நீங்கள் பின்னாலிருந்து ஹோர்ன் அடிக்கத் தேவையில்லை.

முதல் நாளைச் சென்ற் ஜோன்ஸுக்குக் கொடுங்கள். துறைமுக ஓரத்தில் நடந்துவிட்டு சிக்னல் ஹில்லில் ஏறுங்கள். 1901 டிசம்பர் 12ஆம் திகதி மார்கோனி அத்திலாந்திக்குக்கு அப்பாலிருந்து வந்த கம்பியில்லாச் சைகையைக் கேட்ட இடம் அது. மேலே நின்று பார்த்தால் துறைமுகத்தின் ஒடுங்கிய வாய் தெரியும். 1986இல் அவர்கள் உள்ளே வந்த வாய் அதுதான், வேறு வழியில்லை. பிறகு பல்கலைக்கழக வளாகத்துக்குப் போங்கள். அங்கே சொல்வதற்கு இன்னொரு கதையும் உண்டு, கொஞ்சம் பொறுங்கள்.

இரண்டாம் நாள் 10ஆம் இலக்க வீதியில் தெற்கே இறங்குங்கள். ஐரிஷ் லூப் என்று அழைக்கப்படும் சுற்று, முழுதும் ஓடினால் 300 கிலோமீற்றருக்குச் சற்று மேல். வழியில் விற்லெஸ் பே தீவுகளில் இலட்சக்கணக்கில் பஃபின் பறவைகள் கூடு கட்டுகின்றன, பே புல்ஸிலிருந்து வள்ளத்தில் போய்ப் பார்க்கலாம். ஃபெரிலாந்தில் 1621இல் ஜோர்ஜ் கல்வேர்ட் அமைத்த குடியிருப்பின் கல் பாவிய தெருவை அகழ்ந்து வைத்திருக்கிறார்கள். இரண்டும் நல்ல இடங்கள்தான், ஆனால் உங்கள் நேரத்தை அங்கே கரைத்துவிடாதீர்கள். கப்பஹேடன் தாண்டியதும் மரங்கள் நின்றுவிடும். பாசி, சதுப்பு, சிறு குளங்கள், கல். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வேறொன்றுமில்லை. கரிபூ மான்கள் சில நாட்களில் வீதியோரத்திலேயே மேயும். நமது பயணத்தின் இடம் இங்கேதான் தொடங்குகிறது.

இந்தக் கரை ஏன் இத்தனை கப்பல்களைத் தின்றது என்பதைக் குழுவில் ஒருவர் எல்லோருக்கும் வரைபடத்தோடு விளக்குவது நல்லது. விளக்கம் கடினமானதல்ல. வடக்கேயிருந்து குளிர்ந்த லப்ரடோர் நீரோட்டம் கேப் றேஸைச் சுற்றி மேற்கே திரும்புகிறது. தெற்கே சூடான வளைகுடா நீரோட்டம். சோளகம் வீசினால் அந்தச் சூடான கடலுக்கு மேலிருந்த ஈரக்காற்று வந்து குளிர்ந்த நீரின் மேல் ஏறும். ஏறியதும் அதிலுள்ள ஈரம் மூடுபனியாகத் திரளும். ஆகவே இங்கே காற்று மூடுபனியைக் கலைப்பதில்லை, கொண்டுவந்து சேர்க்கிறது. பலத்த காற்றும் கண் தெரியாத மூடுபனியும் ஒரே நேரத்தில் இருக்கும், அதுதான் புதியவர்களைத் திகைக்கவைப்பது. நீரோட்டமோ கப்பலை மெல்ல மெல்லக் கரைப்பக்கம், ட்ரெபாசிக் குடாவுக்குள்ளும் சென்ற் மேரிஸ் குடாவுக்குள்ளும் இழுக்கும். திசைகாட்டி மேற்கு என்று சொல்லும், கப்பலும் மேற்கே பார்த்துத்தான் நிற்கும், ஆனால் அடியிலுள்ள தண்ணீர் அதை வடக்கே நகர்த்திக்கொண்டிருக்கும்.

எதிர்த்திசையில் வந்தவர்களுக்கு வேறொரு ஆபத்து. மேற்கிலிருந்து வருகிற கப்பல் கேப் றேஸ் முனையைத் தாண்டியபின் வடக்கே திரும்ப வேண்டும். மூடுபனிக்குள் மங்கலாக ஒரு முனை தெரிந்தால் அதுதான் கேப் றேஸ் என்று நினைத்துத் திருப்பிவிடுவார்கள். அது அதற்குச் சில கிலோமீற்றர் முந்தியிருக்கும் வேறு முனை. திருப்பியதும் எதிரே பாறை. அந்த முனைக்கு மிஸ்ரேக்கன் பொயின்ற், பிழைபட்ட முனை, என்றே பெயர் வந்துவிட்டது. பக்கத்து ஊரின் பெயர் ட்ரெபாசி. பிரெஞ்சு மொழியில் 'இறந்தவர்கள்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. கடலோடிகள் வைத்த பெயர்களுக்கு விளக்கவுரை தேவைப்படாது.

1816 நவம்பர் 10ஆம் திகதி இரவு ஹார்ப்பூனர் என்ற கப்பல் சென்ற் ஷொட்ஸ் பக்கத்துப் பாறையில் ஏறியது. கியூபெக்கிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த படையினர், அவர்களது மனைவி பிள்ளைகள் என்று ஏறத்தாழ 380 பேர் அதில் இருந்தார்கள். கரை கூப்பிடு தூரத்தில், ஆனால் இடையில் இருந்த அலையைக் கடந்து கயிற்றைக் கொண்டுபோக வழியில்லை. கடைசியில் கப்பலிலிருந்த ஒரு நாயின் உடலில் கயிற்றைக் கட்டிக் கடலில் விட்டார்கள். அது நீந்திப் போய், ஏற்கெனவே கரை தொட்டிருந்த சிலரிடம் கயிற்றைச் சேர்த்தது. அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் மிஞ்சியவர்கள் தப்பினார்கள். 200க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1851இல்தான் கேப் பைன் முனையில் வார்ப்பிரும்பு வெளிச்சவீடு ஏற்றப்பட்டது. அப்படியும் முடியவில்லை. 1918 பெப்ரவரியில் ஃபுளோறிசெல் என்ற பயணிகள் கப்பல் கப்பஹேடனுக்கு அருகே பாறையில் மோதி 94 பேர் இறந்தார்கள். கப்பல் கேப் றேஸைத் தாண்டிவிட்டதாகக் கணக்கிட்டுத் திரும்பியதே காரணம்.

இப்போது 1986ஐ இதற்குள் வைத்துப் பாருங்கள். இயந்திரக் கப்பலும் பிழைத்துப்போகாத கரையில், கடற்பழக்கமில்லாத 155 பேர், ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு இரண்டு திறந்த படகுகளில். அவர்களைக் கண்ட மீனவர்கள் நீ யார், எங்கிருந்து வருகிறாய் என்று விசாரித்துவிட்டுக் கயிறு வீசவில்லை. அந்தக் குடாவில் ஒருவரைத் தண்ணீரில் கண்டால் ஏற்றுவது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம், கேள்வி பிறகு.

மூடுபனி உங்களுக்கும் சிக்கல்தான். யூன், யூலையில் அது உச்சம், ஆகஸ்டிலும் வரும். 11ஆம் திகதியே நிற்க வேண்டும் என்ற கட்டாயமில்லாத குழுக்கள் செப்ரெம்பர் முதல் பாதியில் போவது நல்லதென்பது எங்கள் கருத்து. வானம் தெளிவு, கூட்டம் குறைவு. அந்த மாதத்தில் தெற்கேயிருந்து புயலின் வால் சிலவேளை வரும், வானிலை அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேப் றேஸ் வழியில்தான் மிஸ்ரேக்கன் பொயின்ற் இருக்கிறது. 2016இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த இடம். இதைப் பார்க்காமல் திரும்பும் குழு வீணாய்ப் போய் வந்த குழு என்றே சொல்வோம்.

சாய்ந்த பெரிய கற்பலகைகள் கடலை நோக்கி இறங்குகின்றன. அவற்றின் மேல் ஓலை போலவும் பன்னம் போலவும் கதிர்கோல் போலவும் பதிவுகள், ஆயிரக்கணக்கில். ஏறத்தாழ 56 கோடி 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு ஆழ்கடலின் அடியில் வாழ்ந்த மென்னுடல் உயிர்களின் சுவடுகள் அவை. வெளிச்சம் எட்டாத ஆழம் என்பதால் பார்வைக்குச் செடி மாதிரி இருந்தாலும் அவை செடிகளல்ல. எலும்பில்லாத, ஓடில்லாத உடல் வழமையாக அழுகிப் போய்விடும், கல்லில் பதியாது. இங்கே பதிந்ததற்குக் காரணம் எரிமலைச் சாம்பல். அருகிலிருந்த எரிமலைகள் கக்கிய சாம்பல் கடலடியில் போர்வை போல விழுந்து, உயிர்களை நின்ற இடத்திலேயே மூடி அச்சுப் பிடித்துவிட்டது. அதே சாம்பலிலுள்ள சேர்க்கோன் என்ற கனிமத்தின் மணிகளை வைத்துத்தான் வயதையும் கணிக்கிறார்கள். கொன்றதும் சாம்பல், காத்ததும் சாம்பல், வயதைச் சொல்வதும் சாம்பல். இரண்டு மீற்றரை நெருங்கும் நீளமுள்ள ஒரு வகைக்கு ட்ரெபாசி ஊரின் பெயரையே வைத்து ட்ரெபாசியா என்கிறார்கள்.

பல்கலைக்கழகத்தில் சொல்ல வேண்டிய கதை இதுதான். இந்தச் சுவடுகளை 1967இல் அறிவியல் உலகுக்குக் கண்டுகாட்டியவர் ஷிவ பாலக் மிஸ்ரா என்ற இந்திய மாணவர். உத்தரப் பிரதேசத்துக் கிராமத்திலிருந்து மெமோரியல் பல்கலைக்கழகத்துக்கு நிலவியல் முதுகலை படிக்க வந்து, இந்தக் கரையை வரைபடமாக்கிக்கொண்டிருந்தபோது கண்டார். பிறகு கனடாவில் தங்காமல் ஊருக்குத் திரும்பிப் பள்ளிக்கூடம் கட்டினார். சுவடுகளில் ஒரு வகைக்கு 2007இல் அவர் பெயரால் ஃப்ராக்ரோஃபியூசஸ் மிஸ்றாய் என்று பெயரிடப்பட்டது. பத்தொன்பது ஆண்டு கழித்து அதே கரைக்கு அப்பால் மீட்கப்பட்ட தமிழரும் அதே பல்கலைக்கழகத்துக்கே கொண்டுவரப்பட்டார்கள். பிள்ளைகளோடு போகும் குழுக்கள் இந்த இரண்டையும் அந்த வளாகத்தில் வைத்துச் சொன்னால் மறக்கமாட்டார்கள்.

இங்கே நினைத்தபடி போக முடியாது. வழிகாட்டியோடு மட்டுமே அனுமதி. போர்த்துகல் கோவ் சவுத் என்ற சிற்றூரிலுள்ள எட்ஜ் ஒஃப் அவலோன் மையத்தில் முன்கூட்டிப் பதிய வேண்டும். மாரிக்காலத்தில் நடை இல்லை, ஒரு நடைக்கு எடுக்கும் ஆட்கள் குறைவு. இருபது பேருக்கு மேற்பட்ட குழுவென்றால் இரண்டாகப் பிரித்து இரண்டு நாளில் பதிய நேரலாம். இந்த இடத்தில் இன்னொரு பொறி: சென்ற் ஜோன்ஸுக்குப் பக்கத்திலேயே போர்த்துகல் கோவ் என்று வேறோர் ஊர் இருக்கிறது. வழிகாட்டிச் செயலியில் 'சவுத்' என்பதை விட்டுவிட்டால் பெல் தீவுக்குப் போகும் கப்பல் துறையில் கொண்டுபோய் நிறுத்தும். சரியான ஊருக்குச் சென்ற் ஜோன்ஸிலிருந்து இரண்டு மணிநேரம் ஓட வேண்டும். மதிய நடை என்றால் காலை ஒன்பதுக்கு முந்தியே வெளிக்கிடுங்கள். நம் ஆட்கள் ஒன்பது என்றால் பத்தரை என்று உங்களுக்குத் தெரியும், ஏழு என்று அறிவித்துவிடுங்கள்.

போக வர ஆறு கிலோமீற்றர் நடை. ஏற்றம் பெரிதல்ல, ஆனால் நிலம் ஈரமும் கல்லும், சிற்றோடைகள் குறுக்கிடும், எல்லாம் சேர்த்து மூன்று நான்கு மணிநேரம் ஆகும். கடைசியில் சாய்வான கல்லில் இறங்க வேண்டும். முழங்கால் பிழையுள்ள முதியவர்களை வற்புறுத்தாதீர்கள். மையத்திலேயே சுவடுகளின் அச்சுப் பிரதிகளும் காட்சியும் இருக்கின்றன, அவர்கள் அங்கே தேநீர் குடித்துக்கொண்டு இருக்கலாம். நடப்பவர்கள் கணுக்கால் மூடும் சப்பாத்தும் தடித்த காலுறையும் போடுங்கள். சுவடுப் பலகையில் ஏறுமுன் சப்பாத்தைக் கழற்றச் சொல்வார்கள், மென்மையான மேலுறை தருவார்கள். மண் துகள் ஒட்டிய அடிப்பாகம் அரம் மாதிரிக் கல்லைத் தேய்த்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. கோவிலுக்குள் செருப்பைக் கழற்றிப் பழகிய நமக்கு இது கஷ்டமா என்ன? கிழிந்த காலுறையோடு மட்டும் போகாதீர்கள்.

வெயில் உச்சியில் நிற்கும்போது சுவடுகள் சரியாகத் தெரியாது. வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான் ஒவ்வொரு நரம்பும் நிழலோடு எழும்பி நிற்கும், படமும் அப்போதுதான் நன்றாக வரும். நடை மந்தமானால் குறைசொல்லாதீர்கள், பின்னேரமாக ஆகத்தான் நல்லது. ஒரு சிறு கல்லையும் எடுத்துக்கொண்டு வராதீர்கள், சட்டப்படி குற்றம்.

நடை முடிந்தவர்கள் அதே கிறவல் ரோட்டில் இன்னும் சில கிலோமீற்றர் போனால் கேப் றேஸ் வெளிச்சவீடு. 1907இல் கட்டிய 29 மீற்றர் கொங்கிறீற்றுக் கோபுரம். அதன் வில்லை உலகிலேயே மிகப் பெரிய வகையைச் சேர்ந்தது, இந்த அளவில் உலகம் முழுவதும் சிலதான் நிறுவப்பட்டன, கராச்சியின் மனோறா முனையில் இருப்பதும் இந்த வகை. பல தொன் கண்ணாடியும் வெண்கலமும் பாதரசத் தொட்டியில் மிதந்து சுழலும்படி செய்திருந்தார்கள். உராய்வில்லாததால் கையால் தள்ளினாலே சுற்றும். இதற்கு முன்பு, 1856 முதல் அங்கே நின்ற பழைய இரும்புக் கோபுரத்தைப் பார்க்க நீங்கள் நியூஃபவுண்ட்லாந்து வரத் தேவையில்லை. அதைக் கழற்றி நோவா ஸ்கோஷியாவின் கேப் நோர்த்துக்குக் கொண்டுபோய், பிறகு 1980இல் ஒட்டாவா அறிவியல் தொழில்நுட்ப அருங்காட்சியக வளவில் நிறுத்தியிருக்கிறார்கள். பயணத்துக்கு வரமுடியாத முதியவர்களை அங்கே கூட்டிப்போகலாம்.

1912 ஏப்ரல் 14ஆம் திகதி இரவு டைட்டானிக்கின் கம்பியில்லாத் தந்தியாளர் ஜக் ஃபிலிப்ஸ் பயணிகளின் வாழ்த்துச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தது இந்தக் கேப் றேஸ் நிலையத்துக்குத்தான். பக்கத்தில் நின்ற கலிபோர்னியன் கப்பல் பனிக்கட்டி பற்றிச் சொல்ல வந்தபோது, குறுக்கிடாதே, கேப் றேஸோடு வேலையாக இருக்கிறேன் என்று அதட்டினார். கொஞ்ச நேரத்தில் ஆபத்துச் சைகையும் இதே நிலையத்துக்கு வந்தது, இங்கிருந்தே மற்றக் கப்பல்களுக்கும் நியூயோர்க்குக்கும் பரவியது. அந்த நிலையத்தின் மாதிரியை ஒரு விளக்க மையமாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். மூடுபனி நாளென்றால் சங்கு ஊதும் கருவிக்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள், காது அடைத்துவிடும்.

இரவு தங்க ட்ரெபாசிதான் வசதி. ஐந்நூறு பேருக்கும் குறைவான ஊர். 1991இல் மீன் ஆலை மூடப்படும்போது ஆயிரத்துக்கு மேல் இருந்தார்கள். அடுத்த ஆண்டு யூலை 2ஆம் திகதி கொட் மீன்பிடிக்கே தடை வந்தது. ஐந்நூறு ஆண்டாகப் பிடித்த மீன் இல்லாமற்போனது, இளையவர்கள் அல்பேர்ட்டாவுக்கும் ஒன்ராறியோவுக்கும் போய்விட்டார்கள். வேலை தேடி ஊரைவிட்டுப் போவது என்னவென்று உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை, அந்த ஊரவரிடம் பேசும்போது அது உதவும். இதே துறைமுகத்திலிருந்துதான் 1919 மே மாதம் அமெரிக்கக் கடற்படையின் என்சி-4 பறக்கும் படகு கிளம்பி அஸோர்ஸ் போய், அத்திலாந்திக்கை வான்வழியே கடந்த முதல் வாகனமானது. அமெரிக்கப் பெண் விமானி அமேலியா இயர்ஹார்ட் அத்திலாந்திக்கைக் கடக்க 1928 யூன் 17இல் புறப்பட்டதும் இங்கிருந்துதான். ஏறத்தாழ இரண்டு வாரம் காத்துக்கிடந்தார்கள். துறைமுகம் நீளம், ஆனால் ஒடுக்கம். காற்று நீளவாக்கில் வராவிட்டால் பாரமேற்றிய விமானம் எழும்பாது. பெற்றோலைக் குறைத்த பிறகுதான் தண்ணீரை விட்டு எழும்பியது.

மூன்றாம் நாள் சென்ற் ஷொட்ஸ். ட்ரெபாசியிலிருந்து அரை மணிநேரம் போல. நூறு பேர்கூட இல்லாத ஊர். ஹோட்டலையோ உணவகத்தையோ எதிர்பார்த்துப் போகாதீர்கள். பெற்றோல், தண்ணீர், மருந்து எல்லாம் முதலே எடுத்துக்கொள்ளுங்கள், கைபேசித் தொடர்பும் பல இடங்களில் அறுந்துவிடும். ஆகஸ்டிலும் 15 பாகையில் காற்று வெட்டும். குடை பிரயோசனமில்லை, இரண்டாம் நிமிடமே பிரண்டுவிடும். தொப்பியோடு கூடிய மழை அங்கிதான் சரி. சேலை, வேட்டியில் படம் எடுக்க விரும்புகிறவர்கள் அங்கியை மேலே போட்டுக்கொண்டு வந்து, படத்துக்கு மட்டும் கழற்றுங்கள்.

நூறு பேரில்லாத ஊரில் நூற்றைம்பது பேர் முன்னறிவிப்பில்லாமல் போய் இறங்கி ஒலிபெருக்கி வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கழிப்பறைக்கே வழியில்லை. ஊர் மன்றத்துக்கு இரண்டு மாதம் முந்தி எழுதுங்கள். எத்தனை பேர், எந்த நேரம், எவ்வளவு நேரம், என்ன செய்யப்போகிறீர்கள் என்று நாலு வரி போதும். மண்டபம் கிடைத்தால் வாடகை கொடுங்கள், சாப்பாட்டை அந்தப் பக்கத்துச் சமையல்காரரிடம் எடுங்கள். குளிர்ப்பெட்டியில் ரொறன்ரோவிலிருந்து புரியாணி கட்டிக்கொண்டு போய், அங்கே குப்பையை மட்டும் விட்டுவிட்டு வருவது நன்றி சொல்லும் முறையல்ல. உங்கள் கையால் செய்த பலகாரம் ஊராருக்குக் கொடுக்க எடுத்துப்போனால் அது வேறு. கடலில் மலர் இடுவதென்றால் நாரில் கட்டிய பூ மட்டும். பிளாஸ்ரிக், நைலோன் நூல், மின்கல விளக்கு வேண்டாம்.

ஆகஸ்டில் சதுப்பு நிலத்தில் பேக்ஆப்பிள் என்ற செம்மஞ்சள் பழம் பழுக்கும். தரையோடு தரையாக ஒரு தண்டுக்கு ஒரே ஒரு பழம். ஊரவர்கள் குனிந்து குனிந்து பொறுக்கி மாரிக்கு ஜாம் செய்கிறார்கள். எந்தப் பொட்டலில் பழம் நிறைய என்று அவர்கள் வெளியே சொல்வதில்லை, நீங்களும் கேட்காதீர்கள். ஒரு போத்தல் ஜாம் விலைக்குக் கிடைத்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள், அதற்குள் ஒருவரின் ஒரு நாள் முதுகுவலி இருக்கிறது.

மேகமில்லாத நாளென்றால் திரும்பும் வழியில் கேப் பைன் வெளிச்சவீட்டுக்குப் போகலாம். தீவின் தென்முனை, சிவப்பு வெள்ளைப் பட்டைகள். 1986இல் படகுகள் கிடந்த கடல் எந்தப் பக்கம் என்று பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிட நல்ல இடம் எங்களுக்குத் தெரியாது. மூடுபனியென்றால் விட்டுவிடுங்கள், கிறவல் ரோட்டில் எதிரே வாகனம் வருவதே தெரியாது.

மேற்கே தொடர்ந்து ஓடினால் சென்ற் வின்சென்ற்ஸ் கடற்கரை. கரையை ஒட்டியே கடல் செங்குத்தாக ஆழமாகிறது. அதனால் யூன், யூலையில் கேப்லின் மீனைத் துரத்தும் திமிங்கிலங்கள் கல்லெறி தூரத்துக்குள் வரும். கேப்லின் நம் நெத்தலி போலச் சிறிய மீன். திமிங்கிலத்தைக் கொண்டுவரும் அதே ஆழம்தான் ஆபத்தும். கூழாங்கல் சரிவு காலடியில் வழுகும், பெரிய அலையொன்று முன்னறிவில்லாமல் ஏறிவரும், இழுத்தால் கால் ஊன்ற நிலமில்லை. கால் நனைக்கவும் இறங்காதீர்கள். அங்கிருந்து 90ஆம் இலக்க வீதியால் சென்ற் ஜோன்ஸ் திரும்பலாம்.

மிஸ்ரேக்கன் பொயின்ற் நடை கடும் காற்றால் நிற்கக்கூடும், ஆகவே திரும்பும் விமானத்தை மூன்றாம் நாள் இரவுக்குப் பதியாமல் நாலாம் நாள் மதியத்துக்குப் பதியுங்கள். குழுவில் யார் எந்த வானில் என்ற பட்டியலை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைத் தங்கும் இடத்தில் விட்டுவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
தென் அவலோன் கரையை நன்கறிந்த சிலர்